சில நாள் 16 ஜிபி, சில நாள் 8 ஜிபி

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு இருக்கின்றன. மூன்று வாரமாகக் காலையில் ஆன் செய்தால் 8 ஜிபி மட்டும் காட்டும், அரை மணி நேரம் ஓடவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் 16 வந்துவிடும், சில நாள் அதுவும் வராது. தங்கை அதில்தான் வீடியோ எடிட் செய்கிறாள். பாதியில் தொங்கிப்போய் இரண்டு முறை அவள் உழைப்பு வீணானதும், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

முதலில் பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையைப் பாருங்கள். அதில் 16 இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், அது 32 பிட் விண்டோஸாக இருக்கலாம், இல்லை எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங்ஸ் கருவியில் யாரோ 'மேக்சிமம் மெமரி'யை டிக் செய்திருக்கலாம். எங்களுடையதில் பயாஸிலேயே 8 தான். அப்படியென்றால் விண்டோஸை அழித்துப் போட்டுப் பயனில்லை.

பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, ராமைக் கழற்றி அதன் தங்க முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். மறுநாள் 16. அதற்கு மறுநாள் மறுபடியும் 8. விட்டு விட்டு வரும் கோளாறில் ஒரு தடவை சரியாக வந்ததை நம்பவே கூடாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கைந்து முறையாவது நன்றாக ஆறவிட்டு ஆன் செய்து பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரே ஒரு ராமை வைத்து நான்கு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன், பிறகு அடுத்த ராமையும் அதே மாதிரி. எந்த ராமாக இருந்தாலும் சிபியூவை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டில் ஒழுங்காக ஓடியது, மூன்றிலும் நான்கிலும் போட்டால் ஆறிய நிலையில் ஸ்கிரீனே வரவில்லை. ராம் இரண்டும் நல்லவை, இரண்டு ஸ்லாட் ஒன்றாகக் கெட்டுப்போவதும் அபூர்வம். மூன்றும் நான்கும் ஒரே சேனல், அதாவது ராமுக்கும் சிபியூவுக்கும் இடையே ஒரே பாதை. சேனலை நடத்தும் மெமரி கண்ட்ரோலர் இப்போதெல்லாம் சிபியூவுக்குள்ளேயே இருக்கிறது, ஆக சந்தேகம் சிபியூ சாக்கெட்டுக்குப் போனது.

அப்போதுதான் நினைவு வந்தது: இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் சிபியூ மேலிருக்கும் கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றியிருந்தேன். பார்த்தால் கூலரின் நான்கு கால்களில் ஒன்று முழுதாக இறங்கவில்லை. சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேல் மெல்லிய பின்கள், அவற்றின் மேல்தான் சிபியூ உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூலையில் அழுத்தம் குறைந்தால் அந்தப் பக்கத் தொடர்பு விட்டுப்போகும், அது மெமரி சேனலின் பின்களாக இருந்தால் ராம் காணாமல் போகும். சூடேறியதும் வந்ததற்கும் இந்த மயிரிழை இடைவெளிதான் காரணமாக இருக்க வேண்டும்.

சிபியூவைத் தூக்கி, டார்ச் அடித்து, வளைந்த பின் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புது பேஸ்ட் போட்டு, எதிரெதிர் மூலையாக நான்கு காலையும் அழுத்தினேன். இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடியது, பிழை ஒன்றுகூட இல்லை. இதை 16 தெரியும்போதுதான் ஓட்ட வேண்டும், 8 தெரியும்போது ஓட்டினால் அந்த 8ஐ மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

இன்றோடு பதினோரு நாள், காலையில் முதல் ஆனிலேயே 16 வருகிறது.