ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஒரு கை

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது, நான் கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் தொழிற்சாலைக் குழாய்களுக்குள் போய்ப் படம் எடுக்கும் ரோபோக்களை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். முதலில் சுமார் 30 அடியில் இருந்தவன் சரிந்து சரிந்து 88 அடிக்குப் போனதும், பக்கத்தில் குழி தோண்டிய ரிக் இயந்திரங்கள் பாறையில் திணறியதும், 29ஆம் தேதி அதிகாலை உடலாக வெளியே வந்ததும் எல்லாருக்கும் தெரியும். என்னால் அந்த 30 அடியை மட்டும் மறக்க முடியவில்லை. பண்டிகை முடிந்து திரும்பியதும், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து இதற்கென ஒரு கருவி செய்ய ஆரம்பித்தோம்.

பட்டறையில் பிவிசி குழாயை நிறுத்தி, உள்ளே 11 கிலோ மணல் பொம்மையைச் செருகித் தூக்கிப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் வந்தது. அப்புறம் ஒரு தோட்டத்தில், வற்றிப்போன போர் ஒன்றில் இறக்கினோம். கருவி சுவரைத் தொட்டதும் மண் உதிர்ந்து பொம்மையின் தலையை மூடிவிட்டது, கேமராவில் பழுப்பு நிறம் மட்டும்தான். போர் போடும் ஒருவர்தான் விளக்கிச் சொன்னார்: மண் சரியாமல் துளையின் சுவரைத் தாங்கும் கேசிங் பைப்பை இறக்குவதே மேல்மண் முடிந்து பாறை தொடங்கும் வரைக்கும்தான், தண்ணீர் இல்லையென்றால் அந்தப் பைப்பையும் பல பேர் உருவிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் மேல் பகுதி வெறும் மண்ணாக நிற்கும். நாங்களோ சுவரில் காலூன்றி நிற்கும்படி கருவியைச் செய்திருந்தோம். அந்தக் கால்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு, மேலே முக்காலியிலிருந்து தொங்கும்படி, சுவரைத் தொடாமல் நடுவில் இறங்கும்படி மாற்றினோம்.

அதைவிடப் பெரிய மாற்றம், கருவியின் முதல் வேலை என்ன என்பதில். 2014இல் சங்கரன்கோவில் பக்கம் மதுரைக்காரர் ஒருவர் செய்த கருவி ஒரு சிறுவனை உயிரோடு தூக்கியது, எங்கள் மனதில் இருந்த படமும் அதுதான். ஆனால் குழந்தை சிக்கிய இடத்திலேயே இருப்பான் என்று எப்படி நம்புவது? அசைந்தாலோ, மேலிருந்து மண் விழுந்தாலோ இன்னும் கீழே போய்விடலாம். அதனால் முதலில் மணிக்கட்டில் காற்றடைத்த மென்மையான பட்டை ஒன்றைப் போட்டு, இழுக்காமல், மேலும் சரியாதபடி பிடித்து நிறுத்துவது, தூக்குவதை அதற்கப்புறம் பார்ப்பது என்று வரிசையை மாற்றினோம். மணிக்கட்டை மட்டும் பிடித்து முழு எடையையும் இழுத்தால் தோள் விலகிவிடும், ஈரமான கை நழுவவும் செய்யும். பொம்மையின் கைக்கு ரப்பர் தோல் போட்டுச் சேறு பூசி எத்தனை தடவை சோதித்தோம் என்று கணக்கே இல்லை.

கேபிள் இன்னொரு தலைவலி. ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடத்துக்குள் 2011இல் போன குவின்ஸ் ரோபோ, கேபிள் பிரச்சினையால் தொடர்பு அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. எங்களுக்கோ கயிறு, மின்சாரம், கேமரா, ஆக்சிஜன் என்று நான்கு, அத்தனையும் சில அங்குலத் துளைக்குள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் கொண்டுவரவே பல மாதம் ஆனது.

ஒருநாள் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவிடம் காட்டினோம். தொடுதிரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ராத்திரி மழையில கையுறையோட இதை எப்படி அமுக்குறது? சுத்தி நூறு பேர் கத்திக்கிட்டு நிப்பாங்க. குழந்தையோட அம்மா பக்கத்துல நிப்பாங்க" என்றார். நாங்கள் மூவரும் பதில் சொல்லவில்லை, அந்த அம்மாவைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை.

இப்போது திரை பார்க்க மட்டும்தான். பிடிக்க ஒன்று, விட ஒன்று என்று இரண்டே பெரிய நெம்புகோல்கள், விடும் நெம்புகோலுக்கு மேல் ஒரு மூடி. கீழே இருக்கும் குழந்தைக்குக் குரல் கேட்கச் சின்ன ஸ்பீக்கரும் சேர்த்திருக்கிறோம், அதன் மைக் அம்மா கையில் இருக்கும். போன வாரம் ஐயா தோட்டத்துக்கு வந்து, கையுறை போட்டுக்கொண்டு, ஈரப் பொம்மையை அவரே பிடித்து நிறுத்தினார். நாற்பது நிமிடம் பிடி நழுவவில்லை. தூக்கும்போது பாதியில் நழுவியது. மறுபடி கழற்றி வைத்திருக்கிறோம்.