மாதக் கணக்கும் மக்கு வேலையும்: செம்பூர் வீட்டில் ஒரு தஞ்சாவூர் ஓவியம்

மழைக்காலத் தொடக்கத்தில் பலகையில் துணி ஒட்டி ஆரம்பித்த வெண்ணெய்த்தாழிக் கண்ணன் படம், இப்போது தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. மும்பை செம்பூரில் எங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு. ஃபோர்ட் பகுதியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். மனைவி மருத்துவமனையில் செவிலியர், அவருடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அம்மாவும் பள்ளிக்குப் போகும் மகளும் எங்களோடு இருக்கிறார்கள்.

கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்வது வழக்கம். எங்கள் வீட்டில் வார நாள்களில் அந்த ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைப்பதில்லை. பத்து நிமிடமும் கால் மணியுமாகத்தான் கிடைக்கிறது. ஆகவே இந்தப் படத்தைத் தொடங்கும் முன், தஞ்சாவூர் ஓவியத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, இதை நடுவில் போட்டுவிட்டு எழுந்து போகலாமா, போனால் எது கெடும் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டேன். படம் இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்தப் பிரிப்பே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முற்காலத்தில் பலா மரப் பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசித் தளம் அமைத்தார்கள். இந்த ஓவியத்துக்குப் 'பலகைப் படம்' என்ற பெயர் வந்தது அதனால்தான். இன்று பலரும் செய்வதைப் போல நானும் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டில், கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியை ஃபெவிகால் கொண்டு ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்த பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஏற்றினேன். ஓர் அடுக்கைப் பூசச் சில நிமிடங்கள் போதும். அதன் பிறகு அது காய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு ஓர் அடுக்கு, மகள் வீட்டுப்பாடத்தை முடித்ததும் ஓர் அடுக்கு என்று, தனியாக நேரம் எடுக்காமலேயே தளம் உருவாகிவிட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் துவைத்த துணியும் வீட்டுக்குள்தான் காய வேண்டும். மின்விசிறியின் கீழ் இருக்கும் இடம் முழுவதும் கொடிக்குப் போய்விடும் என்பதால், பலகையைப் பீரோவின் மேல் தட்டையாக வைத்தேன். அங்கே அது மெதுவாகவே காய்ந்தது. அதில் நன்மையும் இருக்கிறது. வெயிலிலோ விசிறிக் காற்றிலோ அவசரமாகக் காயும் சாக் பூச்சுதான் வெடிப்பு விடும். உப்புத்தாளால் தேய்ப்பதை மட்டும் மழை விட்ட மாலைகளில் பால்கனியில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு வீசிங் உண்டு. எனவே முகக்கவசம் அணிந்து தேய்த்து, ஈரத்துணியால் தூளைத் துடைத்தெடுத்த பிறகே பலகையை உள்ளே கொண்டுவருவேன். தேய்த்த தளம் சமமாக இருக்கிறதா என்பதை மேலிருந்து விழும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. மேசை விளக்கைப் பலகைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்தால் சிறிய மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரியும்.

பொருள்கள் வாங்குவதற்காக ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடவில்லை. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் வண்டி சிஎஸ்எம்டி ரயில் நிலையம் வரை போகிறது. அங்கிருந்து கிராஃபர்ட் மார்க்கெட் நடக்கும் தூரம்தான், இன்னும் சற்று நடந்தால் புலேஷ்வர். சுவாமி அலங்காரத்துக்கும் போலி நகைக்கும் வேண்டிய கற்கள் விற்கும் கடைகள் அந்தச் சந்துகளில் நிறைய இருக்கின்றன. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே வேண்டியதை வாங்கிக்கொண்டேன்.

இனி மக்கு வேலை. சாக் பவுடரையும் பசையையும் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, தூரிகையால் தூண், வளைவு, நகை, வெண்ணெய்த்தாழி ஆகியவற்றைப் புடைப்பாக எழுப்புவதுதான் மக்கு வேலை. படத்தின் அழகில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. நடுவில் நிறுத்தினால் கெட்டுப்போகும் வேலையும் இதுவே, ஏனென்றால் கிண்ணத்தில் இருக்கும் மக்கு நிமிடத்துக்கு நிமிடம் இறுகிக்கொண்டே வரும். ஒரே வளைவின் இடப்பக்கம் ஒரு பதத்திலும் வலப்பக்கம் வேறு பதத்திலும் அமைந்தால், மேலே தங்கம் ஒட்டிய பிறகு அந்த வேறுபாடு இன்னும் அதிகமாகத் தெரியும். எனவே இதற்கு மட்டும் யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த நேரத்தை வார நாள்களில் தேடாமல் மாதத்துக்குள் தேடினேன். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு மாதம் எப்படிப் போகும் என்பது தெரியும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியை, கட்ட வேண்டும்; மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனமாக இருந்தால் 11ஆம் தேதி விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி வரிக் கணக்குக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவம். அதுவரை மூளை முழுவதும் எண்களே இருக்கும். 20க்குப் பிறகு மாதக் கடைசிவரை ஓர் இளைப்பாறல் உண்டு. அந்த நாள்களில் மனைவிக்குக் காலை ஷிப்ட் வராத ஞாயிறுகளை அவருடைய ட்யூட்டி அட்டவணையோடு வைத்துப் பார்த்து, அந்த விடியற்காலைகளை மக்குக்கு என்று குறித்துக்கொண்டோம். அதற்கு ஈடாகச் சனிக்கிழமைச் சமையலும் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போவதும் என் பொறுப்பு. இதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்தது மிகவும் முக்கியம். வீட்டில் ஒருவர் தூரிகை பிடிக்கும் நேரத்தை இன்னொருவர் உழைத்துத் தருகிறார் என்பதை மறைத்துவிட்டு நடத்தும் எந்தக் கலையையும் என்னால் மதிக்க முடியாது.

ஒரே அமர்வில் உயரம் முழுவதையும் ஏற்ற முயல்வதில்லை. தடித்த மக்கு காயும்போது பிளந்துவிடும். மெல்லியதாக ஏற்றிக் காயவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கைக் கொடுக்க வேண்டும். ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பு என்று வரையறுத்துக்கொண்டேன். தூண் என்றால் தூண் மட்டும். நடுவில் எழ நேர்ந்தால் கிண்ணத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுப் போகலாம், கொஞ்ச நேரத்துக்குப் பதம் மாறாது. சாக் பவுடரை மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, மாவைப் போல நைசாக்கித் தரும் பொறுப்பை அம்மா தானாகவே ஏற்றுக்கொண்டார். "கப்பி இருந்தா கண்ணன் கன்னத்துல தெரியும்டா" என்று சொல்லி மறுபடியும் ஒரு முறை சலிப்பார்.

பக்கத்து வீட்டு மராத்திக் காக்கு (மராத்தியில் அத்தை, சித்தி போன்ற அழைப்பு) ஒரு நாள் படத்தைப் பார்த்துவிட்டு, இது உங்கள் ஊர்க் கலையா என்று கேட்டார். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றேன். சிவாஜி மகாராஜாவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான ஏகோஜியின் வழிவந்த மராத்திய அரசர்கள் 1855 வரை தஞ்சாவூரில் இருந்தார்கள். நாம் இன்று காணும் தஞ்சாவூர் ஓவிய மரபு செழித்தது அவர்களுடைய ஆதரவில்தான். இரண்டாம் சரபோஜி மன்னரின் காலமாகிய 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகள் அதில் முக்கியமானவை. அதைக் கேட்ட பிறகு காக்கு வாரந்தோறும் வந்து படம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

தங்க ரேக்கு 22 காரட். தஞ்சாவூரிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தார். ரேக்கு ஒட்டும்போது விசிறியை நிறுத்த வேண்டும். மும்பைப் புழுக்கத்தில் வியர்வை படத்தின்மேல் சொட்டாமல் இருக்க, இதற்கும் விடியற்காலையே ஏற்றது. உறுப்பின் அளவுக்கு ரேக்கை வெட்டிக்கொள்வது எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய வேலை, அதை இரவுகளில் செய்து உறைகளில் போட்டு வைக்கிறேன். பிசின் தடவி, புடைப்பின் விளிம்புகளில் மென்மையாக அழுத்தி ஒட்டுவது மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. படத்தில் பதித்த கற்களின் மேல் வரும் ரேக்கைக் கூர்மையான கத்தியால் வெட்டித் திறக்கும்போது கை நடுங்கக் கூடாது. இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் மனைவியை அழைத்துவரப் போக வேண்டிய காலைகளில் இந்த வேலையைத் தொடுவதே இல்லை.

வளைவும் இடது தூணும் தங்கமாகிவிட்டன. வலது தூணும் தாழியும் நவராத்திரிக்கு முன் முடிய வேண்டும். கொலுப் படிகள் வந்துவிட்டால் கூடத்தில் மேசை போட இடமிருக்காது. வண்ணம் அதற்குப் பிறகுதான். இரவு விளக்கில் கலக்கிய நீலம் பகலில் வேறு நீலமாகத் தெரிகிறது என்பதால், கண்ணனின் உடல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பூசப் போகிறேன். அக்டோபரில் ஜிஎஸ்டி தாக்கல் முடிந்த பிறகு வரும் ஞாயிறுகளை அதற்காகக் குறித்து வைத்திருக்கிறோம். மனைவியின் அக்டோபர் அட்டவணை இன்னும் வரவில்லை. வந்ததும் தேதிகளை உறுதி செய்வோம்.