ஓட்ஸை கஞ்சியா மட்டும் வைக்காதீங்க, ப்ளீஸ்

ஓட்ஸ்னாலே சுகர் இருக்கவங்களுக்கு, இல்லன்னா டயட்ல இருக்கவங்களுக்குன்னு நம்ம வீடுகள்ல ஒதுக்கிடறாங்க, அதுவும் பால்ல போட்டு கொதிக்க வெச்சு கொழகொழன்னு ஒரு கஞ்சி, அதை மருந்து மாதிரி குடிக்க சொல்றாங்க. எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். ரவை, அவல் வெச்சு நாம பண்ற பாதி பலகாரம் ஓட்ஸ்லயும் அருமையா வரும்ங்க.

அந்த கொழகொழப்புக்கு காரணம் பீட்டா குளுக்கான்ங்கிற நார்ச்சத்து, தண்ணி பட்டா கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும், கொலஸ்ட்ரால் குறைய உதவுறதும் அதேதான். அதனால அது கெட்டது இல்ல, எங்க வேணும் எங்க வேணாம்னு பார்த்து சமைக்கணும், அவ்வளவுதான்.

உப்புமாவுக்கு அந்த கொழகொழப்பு வேணாம். ரோல்டு ஓட்ஸ் ஃபேக்டரியிலயே ஆவி காட்டி தட்டையாக்கினது, அதனால அவல் மாதிரி நினைச்சுக்கோங்க. 1 கப் ஓட்ஸை வெறும் கடாயில வாசம் வர வரைக்கும் வறுத்து ஆறவிட்டு, கால் கப் தண்ணி தெளிச்சு பிசறி 5 நிமிஷம் வைங்க. கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சமிளகா தாளிச்சு வெங்காயம், கேரட், பீன்ஸ் எல்லாம் நல்லா வெந்த அப்புறம்தான் ஓட்ஸ் உள்ள போகணும், ரெண்டு பிரட்டு பிரட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இறக்கினா உதிரி உதிரியா இருக்கும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இதுக்கு சரிப்படாது, குழைஞ்சிடும்.

தோசைக்கு 1 கப் ஓட்ஸ் பொடி, அரை கப் அரிசி மாவு, கால் கப் ரவை, புளிச்ச மோர், மிளகு சீரகம். கால் மணி நேரம் ஊறினா மாவு கெட்டியாயிடும், மறுபடி தண்ணி விட்டு ரவா தோசை மாதிரி நீர்க்க ஊத்துங்க. அரிசி மாவை மட்டும் விட்டுடாதீங்க, மொறுமொறுப்பு அதுலதான் வருது.

பொங்கலுக்கு அந்த பிசுபிசுப்பு வேணும்! அரை கப் பாசிப்பருப்பை குழைய வேக வெச்சு, வறுத்த ஓட்ஸ் 1 கப், சுடுதண்ணி ரெண்டரை கப் விட்டு 5 நிமிஷம் கிளறி, நெய்ல மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை தாளிச்சு கொட்டுங்க, நெய்ல கஞ்சத்தனம் வேணாம். ஆறினா இறுகிடும், சூடா சாப்பிட்டுடணும். கூட கத்திரிக்கா கொத்சு இருந்தா கேக்கவே வேணாம்.

இனிப்புக்கு பாயசம். ஓட்ஸை நெய்ல வறுத்து ரெண்டாம் தேங்காப்பால்ல வேக வெச்சு, வெல்லத்தை கரைச்சு வடிகட்டி ஊத்தி ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைச்சிட்டு கெட்டி தேங்காப்பால், ஏலக்கா சேருங்க. கெட்டிப்பாலை கொதிக்க விட்டா திரிஞ்சிடும், அது மட்டும் கவனம்.

பசங்களுக்கு உருண்டை, இதுதான் என் ஃபேவரைட். வறுத்த ஓட்ஸ், தோல் நீக்கின வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் கறுப்பு எள்ளு, வெல்லம் எல்லாத்தையும் மிக்ஸியில விட்டு விட்டு அடிங்க, கடலையோட எண்ணெய்லயே பிடிக்க வரும், நெய் கூட தேவைப்படாது. ஓட்ஸ்ல கொழுப்பு அரிசியை விட அதிகம், பொடிச்சு ரொம்ப நாள் வெச்சா சிக்கு வாடை அடிக்கும், அதனால அன்னன்னைக்கு வேணுங்கற அளவு மட்டும் பொடிச்சுக்கோங்க.