சிவப்பு மையில் 18 ரூபாய்

பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு, பழைய மாணவர் சங்கத்தின் மெல்போர்ன் கிளையினர் எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கணக்கு நோட்டு. விளையாட்டு விழாவைப் பற்றியும் கேன்டீன் சமோசாவைப் பற்றியும் எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள்.

1983. பதினோராம் வகுப்பு. ஜெபக்குழுவுக்கு என்னைப் பொருளாளராக்கியிருந்தார்கள். கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குவேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் பிள்ளைகளிடம் நாலணா எட்டணாவாகச் சேர்த்த காசு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என் பையிலேயே இருக்கும். புரசைவாக்கத்தில் சினிமா கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லாத காலம். ஒரு சனிக்கிழமை அதிலிருந்து 18 ரூபாய் எடுத்தேன். நான்கு பேருக்கு டிக்கெட், இடைவேளையில் முறுக்கு, வெளியே வந்ததும் பரோட்டா. டிக்கெட் கொடுப்பவர் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். திங்கட்கிழமை காலை அம்மாவிடம் ஏதோ சொல்லிப் பணம் வாங்கி, பைசா குறையாமல் பாட்டிலில் போட்டுவிட்டேன். ‘ஏதோ’ என்றுதான் எழுதுகிறேன். பொய் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

எங்களுக்கு வேதபாடம் எடுத்தவர் தமிழையா. வெள்ளை வேட்டி, கைமடித்த சட்டை, பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பேனா. மாதக் கடைசியில் பாட்டிலை மேசைமேல் கவிழ்த்து எண்ணினார். தொகை சரியாகவே இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்தார்.

“பிள்ளைகள் நாலணா போட்ட பாட்டிலில் பத்து ரூபாய் நோட்டு எப்படித் தம்பி வந்தது?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. சிவப்புப் பேனாவை நீட்டி, பொருளாளர் எடுத்தது 18 ரூபாய், திரும்ப வைத்தது 18 ரூபாய், தேதியோடு எழுது என்றார்.

“அதுதான் வைத்துவிட்டேனே ஐயா.”

“அதையும் சேர்த்துத்தானே எழுதச் சொல்கிறேன்.”

அன்று மாலை வேப்பேரி வழியாக அவரோடு நடந்தேன். புனித மத்தியா ஆலயத்தருகே நின்று பெப்ரீசியஸ் ஐயரைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து மிஷனரியாக வந்து வேதம் முழுவதையும் தமிழாக்கியவர். 1779இல் இதே வேப்பேரி அச்சகத்தில் தமிழ் ஆங்கில அகராதி வெளியிட்டவர். பிறர் நம்பிக் கொடுத்த பணத்தை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791இல் சென்னையிலேயே இறந்தார். “அவர் திருடரல்ல தம்பி. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்” என்றார் ஐயா. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்ட மனிதர் ரூபாயை நிறுக்காமல் விட்டதை ஐயாவால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

அடுத்த வேதபாட வகுப்பில் கரும்பலகையில் ஒரே வரி: ‘உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு.’ பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. எது முதலில் வருகிறது என்று கேட்டார். ‘உபதேசம்’ என்று கத்தினோம். பலகையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்றார். அதே நிருபத்தில் வரும் ‘ஆரோக்கியமான உபதேசம்’ என்ற தொடரில் மூலமொழியான கிரேக்கச் சொல்லும் உடல்நலத்தைக் குறிப்பதுதான் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். நாவில் ஆரோக்கியமும் கையில் சொறியுமாக ஒருவன் இருக்க முடியுமா என்று ஐயா கேட்டது, பின்பெஞ்சில் ஒருவன் சொறிந்துகொண்டிருந்த நேரம். வகுப்பே சிரித்தது. ஐயாவும்தான்.

இங்கே வந்து முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். நான் பொருளாளராக இருந்த தமிழ்ச் சபைக்கு ஊரிலிருந்து ஒரு போதகர் வருவார். திரித்துவம், கிருபை, மனந்திரும்புதல் எதிலும் ஒரு சொல் பிசகாது. கேட்டால் கண் கலங்கும். அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுவதாக ஒரு படம் காட்டினார், நாங்களும் கொடுத்தோம். மறு ஆண்டு அதே படம், அதே பாதிச் சுவர். செலவுக் கணக்கு கேட்டேன். ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்’ என்று சங்கீதத்தை எடுத்து வீசினார்கள் சபையார் சிலர். 105ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. ரசீது கேட்பவனை வாயடைக்கச் சொன்னதல்ல. எருசலேமுக்குத் தர்மப்பணம் சேர்த்த பவுலோ, யாரும் குறை சொல்லக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், எட்டாம் அதிகாரம். அப்போஸ்தலனுக்கே துணைக்கு ஆள் தேவைப்பட்டது.

கணக்கு வரவில்லை. போதகரும் பிறகு வரவில்லை. இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. அதில் ஒன்று என் மைத்துனர் குடும்பம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான் கணக்கு கேட்ட அன்றைய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “நீர் மட்டும் பெரிய யோக்கியரோ?” என்றார். பாட்டில், டிக்கெட், பரோட்டா, சிவப்பு மை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

என்னோடு படம் பார்த்த மூவரில் ஒருவன் இப்போது சென்னையில் ஆயராக இருக்கிறான். அவன் இந்த மலரை வாசிப்பான். தம்பி, உன் பங்கு 4 ரூபாய் 50 பைசா இன்னும் எனக்கு வரவில்லை.