உலக நாடுகளின் தேசிய தினங்கள்: எனக்கு நின்ற முறை

மதுரை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: “அண்ணே, இந்தத் தேசிய தினமெல்லாம் மனசுல நிக்கவே மாட்டேங்குது.” கைடில் உள்ள பட்டியலை நாடு, தேதி, நாடு, தேதி என்று உருப்போட்டால் யாருக்கும் நிற்காது. ஒவ்வொரு தேதியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அன்றைக்கு என்ன நடந்தது? விடுதலை கிடைத்ததா, போராட்டம் தொடங்கியதா, அரசியலமைப்பு வந்ததா, மன்னர் பட்டம் ஏற்றாரா?

இதற்கு நான் பயன்படுத்தியது தினசரி காலண்டர் தாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் தாளின் பின்பக்கம் வெற்றாக இருக்கும். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்து, அந்தத் தேதியில் நடந்ததைப் பின்னால் எழுதுவேன். ஒரே தேதிக்குரிய நாடுகள் ஒரே தாளில் வந்து உட்காரும். அப்படி உட்காரும்போதுதான் படிப்பு ருசிக்க ஆரம்பிக்கும்.

ஜனவரி 26 தாளைப் பாருங்கள். நம் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26-இல். முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்தது எதற்கு? 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் போட்டது. அதன்படி 1930 ஜனவரி 26 சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டது. அந்த நாளுக்கு மரியாதை செய்யத்தான் 1950-இல் அதே தேதி. ஆஸ்திரேலியாவின் தேசிய தினமும் ஜனவரி 26 தான். 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னி துறைக்கு வந்து கொடியேற்றிய நாள் அது. 1938-இல் 150-ஆம் ஆண்டு விழா நடந்தபோது பழங்குடி மக்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். நாம் பிரிட்டிஷ் முடியாட்சியிலிருந்து முழுதாக வெளியேறிய தேதியும், அங்கே அவர்கள் கால் வைத்த தேதியும் ஒன்று. இதைப் படித்தவர்களுக்கு இரண்டுமே மறக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆகஸ்ட் 15. 1945-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்த நாள் அது. கொரியாவுக்கு ஜப்பானிடமிருந்து விடுதலை. இரண்டே நாளில், ஆகஸ்ட் 17, இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, அதே நாளில் ஹனோயில் ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்தார். இந்திய விடுதலைக்கு மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்ததும் அந்தச் சரணாகதியின் இரண்டாம் ஆண்டு நாள் என்பதால்தான். ஒரு நிகழ்ச்சியைப் பிடித்தால் நான்கு நாடுகள் கைக்கு வந்துவிடுகின்றன.

அடுத்தது வளைகுடா. மதுரை, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அங்கே சொந்தக்காரர் இல்லாத தெருவே குறைவு. குவைத்தில் இருக்கும் மாமாவிடமோ மச்சானிடமோ கேட்டுப் பாருங்கள், பிப்ரவரி 25, 26 லீவு என்பார். ஆனால் குவைத் விடுதலை பெற்றது 1961 ஜூன் 19. பிப்ரவரி 25 என்பது அமீர் அப்துல்லா அல் சலீம் 1950-இல் பட்டம் ஏற்ற நாள். 26, 1991-இல் ஈராக்கிடமிருந்து மீண்ட நாள். பஹ்ரைனும் அப்படித்தான்: விடுதலை 1971 ஆகஸ்ட் 15, கொண்டாட்டம் டிசம்பர் 16. அமீரகத்தில் குழப்பமில்லை, 1971 டிசம்பர் 2.

அந்த டிசம்பர் 16 தாளில் வங்கதேசத்தையும் எழுதுங்கள். 1971-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த வெற்றி நாள். அவர்களுடைய சுதந்திர தினம் மார்ச் 26. பிப்ரவரி 21, 1952-இல் வங்க மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் நாள். 1999-இல் யுனெஸ்கோ அதைத்தான் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. மொழிப்போர் நடந்த மண்ணில் பிறந்த நமக்கு இதைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் மட்டும் கவனம். 1965 ஆகஸ்ட் 9-இல் அது பிரிந்தது மலேசியாவிலிருந்து, பிரிட்டனிடமிருந்து அல்ல. மலேசியாவுக்கு இரண்டு நாட்கள்: மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31, மலேசியா உருவான 1963 செப்டம்பர் 16. கூற்று, காரணம் வகைக் கேள்விக்கு இது மாதிரி இடங்கள்தான் வசதி. அமெரிக்கா, பிரான்ஸ், சீனா எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன, ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஜனவரி 30 தியாகிகள் தினத்தைப் படிக்கும்போது ஒரு மத்தியானம் தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்தது. 1948-இல் சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் முன்னால் நின்றவர்கள் அந்தத் தேதியைப் புத்தகத்தில் தேட மாட்டார்கள்.

அப்புறம், தமிழ்நாடு நாள். மொழிவழி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1. பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அரசு இப்போது தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவது ஜூலை 18. மூன்று தாளிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கேள்வி எந்தப் பக்கமிருந்தும் வரலாம்.