அட்லாண்டிக் கடக்கக் கிளம்பியபோது

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். பாய்மரப் படகில் சுமார் மூன்று வாரப் பயணம். என்னைக் கேட்டால், அதில் பாதி வேலை துறைமுகத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

நாள் குறிப்பது நம் கையில் இல்லை. கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் முடிய. படகை மேற்கே தள்ளும் வடகிழக்கு வியாபாரக் காற்றும் டிசம்பரை ஒட்டித்தான் நிலைகொள்ளும். அதனால் நவம்பர் கடைசியில் கிளம்புவதாக முடிவு செய்தோம்.

அதிக நேரம் பிடித்தது பாய்மரச் சோதனைதான். இருக்கை ஒன்றில் என்னைக் கட்டி, கீழே இருவர் கயிறு இழுக்கும் வின்ச் உருளையைச் சுற்றி உச்சிவரை ஏற்றினார்கள். மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள் ஒவ்வொன்றையும் பஞ்சால் தடவிக்கொண்டே இறங்கினேன். ஒரு வடம் மூட்டுக்குள் நுழையும் இடத்தில் பஞ்சு சிக்கியது. பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியவே இல்லை. ஓர் இழைதானே என்று விட முடியாது, ஒன்று போனால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறும். வடத்தையே மாற்றினோம்.

அடுத்த எதிரி உராய்வு. பின்காற்றில் படகு இரவு பகலாக உருளும். கயிற்றின் ஒரே இடம் தேய்ந்துகொண்டே இருக்கும். தேயும் இடங்களில் ரப்பர் குழாயைச் செருகினோம். பாய் தூக்கும் கயிற்றைத் தினமும் கொஞ்சம் இளக்கித் தேயும் இடத்தை மாற்றுவது என்றும் பேசி வைத்தோம்.

உணவுப் பொருட்களின் அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே போட்டுவிட்டோம், மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். குடிநீரை ஒரே தொட்டியில் நம்பி வைக்காமல் கேன்களிலும் பிரித்து வைத்தோம். அவசர சமிக்ஞைக் கருவியின் பதிவு, உயிர்காப்புத் தெப்பத்தின் தேதி எல்லாம் சரி.

அப்புறமும் கிளம்ப முடியவில்லை. தென்மேற்குக் காற்று எதிரே நின்றது. பக்கத்துப் படகுகள் சில போய்விட்டன, எங்கள் கேப்டன் அசையவில்லை. அந்தப் பொறுமைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

காற்று திரும்பியதும் துறைமுகத்துக்குள்ளேயே பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு வெளியேறினோம். தீவுகளுக்கிடையே காற்று நெருக்குண்டு திடீரென்று 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகம்கூடக் கூடிவிடும். நேரே மேற்கே போகாமல் கேப் வெர்டே தீவுகள் பக்கமாகத் தென்மேற்கே இறங்கினோம், நிலையான காற்று அங்கேதான். முதல் சில நாட்கள் எல்லோருக்கும் குமட்டல். கரையிலேயே சமைத்து வைத்ததைச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, இரவில் மூன்று மணி நேர முறை வைத்துக் காவல் இருந்தோம். வடகிழக்குக் காற்று பிடிபட்டதும் கேப்டன் சுக்கானை மேற்கே திருப்பச் சொன்னார்.