டிசைன் கல்லூரி தேடுபவர்களுக்கு: நான் கேட்காமல் விட்ட கேள்வி

அமெரிக்காவில் கிராஃபிக் டிசைன் படிக்கச் சேர்ந்தபோது, "கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று மட்டும்தான் கேட்டேன். இருக்கிறது என்றார்கள், பொய்யில்லை. ஆனால் அது கல்லூரி முழுமைக்குமான அங்கீகாரம். நிர்வாகம், நிதிநிலை எல்லாம் அதில் பார்ப்பார்கள், அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடனுக்கும் அது அவசியம். டிசைனை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதை உள்ளே இறங்கிப் பார்ப்பது துறைக்கென்றே உள்ள தனி அங்கீகாரம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து வேறு கல்லூரிக்கு மாறப்போனேன். என் ஸ்டூடியோ வேலைகளைப் பார்த்துவிட்டு, முதல் வருட ஸ்டூடியோ வகுப்புகளையே திரும்பப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட் (மதிப்பலகு) பாதிக்கு மேல் போய்விட்டது. அன்று பட்ட வலி இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான், அந்தத் தனி அங்கீகாரத்தைத் தரும் நாசாட் (NASAD) பற்றிப் படித்தேன். கலை, டிசைன் கல்லூரிகளுக்கான இந்தச் சங்கம் 1944-இல் தொடங்கியது. பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்றால் பாடத்திட்டத்தில் குறைந்தது 65 சதவீதம் கலை, டிசைன் சார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பி.ஏ.வில் அது 30 முதல் 45 சதவீதம்தான். இரண்டையும் 'டிசைன் டிகிரி' என்றே சொல்கிறோம், நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்பதோ அடியோடு வேறு. நாசாட் அங்கீகாரம் பெற, கல்லூரி முதலில் தன்னைப் பற்றி விரிவான அறிக்கை எழுதவேண்டும். பிறகு இதே துறை ஆசிரியர்கள் நேரில் வந்து மாணவர் படைப்புகளையும் பட்டறைகளையும் பார்ப்பார்கள். மாணவர்களின் உடல்நலப் பாதுகாப்பும் அதில் உண்டு. கரைப்பான், அமிலம் புழங்கும் அச்சு அறையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்டீரியர் டிசைனுக்கு இதேபோல் அங்கீகாரம் தர சிடா (CIDA) என்ற அமைப்பு இருக்கிறது. கட்டடக் கலை படிப்பவர்கள் அந்தத் துறைக்கான நாப் (NAAB) அமைப்பின் அங்கீகாரத்தை விடவே கூடாது, பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வாங்க அந்தப் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள். கிராஃபிக் டிசைனுக்கு உரிமம் கிடையாது, அதனால் நாசாட் இல்லாத நல்ல கல்லூரிகளும் உண்டு. அங்கே சேர்வதானால் ஸ்டூடியோவுக்கு எத்தனை கிரெடிட் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாசாட் தன் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரோடு நிற்காமல், நீங்கள் சேரும் பட்டமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.